"நீங்க எந்த பிராஞ்ச், சார்?": உயர்கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உயர்கல்வித் துறைக்கும், பொறியியல் கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும் வணக்கம்.

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பயிர்க்கடன், நகைக்கடன், சிறுதொழில் கடன் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஜூன் பிறந்துவிட்டால் கல்விக் கடனும் சேர்ந்துகொள்ளும். போன ஜூலையில் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மஞ்சள் பையில் மதிப்பெண் பட்டியல், ஆதார், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தார். சீட்டு இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தால் கடன் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுப்போக வந்திருக்கிறார்.

பேச்சுவாக்கில் நானும் இன்ஜினியரிங் படித்தவன்தான் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க எந்த பிராஞ்ச், சார்?"

"இதே பிராஞ்ச்தான். ரொம்ப வருஷமா இங்கதான் இருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். "அதில்லீங்க சார், படிச்சதுல."

"மெக்கானிக்கல்."

அவர் என்னைப் பார்த்தார். மேசையில் முத்திரை வைக்கக் காத்திருந்த நகைக்கடன் பைகளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். மரியாதைக்காகவோ என்னவோ, அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பையன் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. பையன் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று நிற்கிறானாம். லீவு நாளெல்லாம் அப்பாவோடு பட்டறையில் கிடந்தவன். அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை. "எங்க பட்டறையிலயே மெக்கானிக்கல் முடிச்ச பையன் ஒருத்தன் இருக்கானுங்க சார். பில்லு போடறான்."

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம். "மெக்கானிக்கல் முடிச்சவங்கெல்லாம் என்னதான் ஆகறாங்க சார்?"

எனக்குத் தெரியாது. 4 வருடம் அதையே படித்து, 12 வருடமாகக் கல்விக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரியாது. உங்களிடமும் அதைச் சொல்லும் ஒரு தாள் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007இல் பிளஸ் டூ முடித்தேன். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு நீங்கிய முதல் வருடம் அது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்கு கட்ஆஃப். கவுன்சலிங் கிண்டியில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில். அப்பாவும் நானும் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, வளாகத்து மரத்தடியில் இட்லி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். உள்ளே திரையில் காலியிடங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தன. என்ன எடுப்பது என்று அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒருவர், அவர் யார் என்றே இன்றுவரை தெரியாது, "மெக்கானிக்கல் எவர்கிரீன் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பி வருடத்துக்கு 32,500 ரூபாய் கட்டணம், பஸ் கட்டணம் தனி.

(என் பட்டத்தில் திருச்சி அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. அப்போது அண்ணா பல்கலைக்கழகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தீர்கள். 2012இல் மறுபடி ஒன்றாக்கிவிட்டீர்கள். ஆக, படித்த வேலையிலும் நான் இல்லை, பட்டம் தந்த பல்கலைக்கழகமும் இல்லை. இதை வைத்து வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள்.)

படித்தது பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வருட ஒர்க்ஷாப்பில் ஒரு இரும்புத் தகட்டை இரண்டாக வெட்டி, ஒன்றில் வி வடிவப் பள்ளமும் இன்னொன்றில் அதற்குப் பொருந்தும் முனையுமாக அரம் போட்டு ராவச் சொல்வார்கள். ராவி முடித்ததும் இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார் இன்ஸ்ட்ரக்டர். நடுவே ஒரு நூல் அளவு ஒளி தெரிந்தாலும் "இன்னும் ராவு". உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து காய்த்தே போயிற்று. நான்காவது வாரம் ஒளி தெரியாமல் பொருந்தியபோது வந்த சந்தோஷம், வங்கித் தேர்வில் தேறியபோதுகூட வரவில்லை.

கடைசி வருடம் ஒரு அரியர் இருந்தது. கேம்பஸுக்கு வந்த பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் 'நிலுவை அரியர் கூடாது' என்று முதல் வரியிலேயே போட்டிருந்தன. 2011இல் அம்பத்தூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். மாதம் 7,000 ரூபாய். வெர்னியரை வைத்து ஒரே அளவை ஷிப்ட் முழுக்கப் பார்க்கும் இன்ஸ்பெக்ஷன் வேலை. பக்கத்தில் இருந்த டிப்ளமோ பையனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, என்னைவிட 2,000 ரூபாய் சம்பளம் அதிகம், மெஷினும் என்னைவிட நன்றாகத் தெரியும். தப்பு அவனுடையதும் இல்லை, கம்பெனியுடையதும் இல்லை. அந்த வேலைக்கு பி.இ. தேவையே இல்லை, அவ்வளவுதான். அந்த வருடம்தான் வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு தொடங்கியது. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும் என்றார்கள். என்னிடம் ஏதாவது ஒரு பட்டம் இருந்தது. 2013இல் வங்கிக்கு வந்துவிட்டேன்.

அந்த வெல்டர் வந்துபோன வாரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து ஒவ்வொருவராக எண்ணினேன். 52 பேர். மெக்கானிக்கல் என்று சொல்லத்தக்க வேலையில் 11 பேர்: டிசைன், தரக்கட்டுப்பாடு, ஓமனில் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலைக்குப் போகிற ஒருவன், கல்லூரியில் பாடம் நடத்தும் இருவர். சாஃப்ட்வேரில் மட்டும் 19 பேர். வங்கி, அஞ்சல், டி.என்.பி.எஸ்.சி. என்று அரசுச் சம்பளத்தில் 9 பேர். ஒருவன் டிராக்டர் ஷோரூம், ஒருவன் கோழிப்பண்ணை, ஒருவன் கோவையில் பிரியாணிக்கடை. வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி பெங்களூரில் எச்.ஆர்., இன்னொருத்தி வீட்டில். எட்டு பேர் என்ன செய்கிறார்கள் என்று குழுவில் யாருக்குமே தெரியவில்லை. அந்த எட்டு பேர் பற்றித்தான் எனக்குக் கவலை.

இந்தக் கணக்கை எடுக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு டீ.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று என்று எல்லோரும் ஒரே மூச்சில் புலம்புகிறார்கள். அதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வேறு வேலைக்குப் போவது. இன்னொன்று, படிப்புக்குக் கீழான வேலைக்குப் போவது. நான் போனது வேறு வேலைக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் கிளையைப் பாருங்கள். மேலாளர் பி.எஸ்சி. விவசாயம், கள அலுவலராகச் சேர்ந்து மேலே வந்தவர். கேஷ் கவுன்ட்டரில் இருப்பவர் பயோடெக்னாலஜி. நகைக்கடன் பார்ப்பவர் எம்.எஸ்சி. கணிதம். பாஸ்புக் பதிவு செய்து தருபவர் இ.சி.இ. வணிகவியல் படித்தவர் ஒருவர்கூட இல்லை. பற்று எது வரவு எது என்பதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஜே.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கி ஊழியர் தேர்வை பாஸ் பண்ணும்போதுதான் கற்றுக்கொண்டோம். கிளை நன்றாகத்தான் நடக்கிறது.

தலைமைச் செயலகத்துக்கே போவோம். 2021இல் தலைமைச் செயலாளராக வந்த இறையன்பு, அதே வருடம் காவல்துறைத் தலைவரான சைலேந்திர பாபு இருவருமே விவசாயப் பட்டதாரிகள். 2023 ஜூன் 30 அன்று ஒரே நாளில் ஓய்வும் பெற்றார்கள். இரண்டு வேளாண் பட்டம் வீணாகப் போயிற்று என்று யாராவது சொன்னார்களா? பி.ஏ. வரலாறு படித்தவர் தாலுகா ஆபீசில் இருந்தால் நாம் புருவத்தைத் தூக்குவதில்லையே.

படிப்பு எங்கே எப்போது கைகொடுக்கும் என்றும் சொல்ல முடியாது. நான்கு வருடத்துக்கு முன் ஒருவர் லேத் பட்டறை வைக்கக் கடன் கேட்டார். மெஷின் வந்து இறங்கியாயிற்று, பார்த்துவிட்டுப் பணத்தை விற்பவருக்கு அனுப்ப வேண்டும். இன்வாய்ஸில் புது மெஷின் என்று இருந்தது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பழக்க தோஷத்தில் லேத்தின் அடிப்பலகையான 'பெட்'டின் மேல் விரலை ஓட்டினேன். இரும்பைப் பிடித்துச் சுற்றும் 'சக்'குக்குப் பக்கத்தில் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது. கிராஸ் ஸ்லைடு ஹேண்டிலைத் திருப்பினால் கால் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் நகர ஆரம்பித்தது. பல வருடம் ஓடித் தேய்ந்த மெஷினுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்கியவருக்கே அது தெரியாது, பாவம். பணத்தை நிறுத்தினேன், மெஷினை மாற்றிக் கொடுத்தார்கள். வேறு யாராவது போயிருந்தால் பெயின்ட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 12 வருடத்தில் என் பி.இ. எனக்கு நேரடியாகக் கைகொடுத்தது அன்று ஒரு நாள்தான் என்றாலும், ஆறு லட்ச ரூபாய்க் கடன் ஒன்று தப்பியது.

ஆகவே, படித்த துறையிலேயே எல்லோருக்கும் வேலை கொடுங்கள் என்று உங்களிடம் கேட்க வரவில்லை. அது உங்களால் முடியாது, தேவையும் இல்லை. 18 வயதில் எடுத்த முடிவை 58 வயது வரை காப்பாற்ற வேண்டும் என்பது என்ன நியாயம்?

கீழான வேலைக்குப் போவது வேறு. 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையே நாட்டின் பட்டதாரிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் படிப்புக்குக் கீழான வேலையில் இருப்பதாகச் சொல்கிறது. நம் ஊரில் அதைப் பார்க்க அறிக்கை தேவையில்லை. பத்தாம் வகுப்பு போதும் என்கிற குரூப் 4 தேர்வுக்கு 2022இல் 7,301 இடங்களுக்கு ஏறக்குறைய 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் காலை எட்டரைக்கே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பட்டதாரிகள், அவர்களுக்குள் பி.இ.க்காரர்களைக் கால்குலேட்டரை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியிடங்களுக்கு 7,000 பேர் வந்தார்கள், அதில் பொறியியல் படித்தவர்களும் இருந்தார்கள் என்பது பத்திரிகைகளில் வந்ததுதான்.

எனக்கு இது வேறு உருவத்தில் வருகிறது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் தவணை நின்றுபோன கல்விக் கடன் பட்டியலை எடுத்துக்கொண்டு போன் போட வேண்டும். நான்கு லட்சத்துக்குப் பதினைந்து வருடத் தவணை என்றால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். படிப்பு முடிந்து ஒரு வருடம் சும்மா விடுவோம், அப்புறம் கட்ட வேண்டும். போன வருடம் ஒரு பையனைக் கூப்பிட்டேன். 2019இல் நானே கடன் போட்டுக் கொடுத்தவன், சிவில். "சார், டெலிவரியில இருக்கேன், லிஃப்டுக்குள்ள. முடிச்சிட்டுக் கூப்பிடறேன்" என்றான். சாக்கு என்று நினைத்தேன். ராத்திரி 11.40க்குக் கூப்பிட்டான். "லேட்டாயிடுச்சு சார், மன்னிச்சுக்குங்க. இந்த மாசம் ஆயிரம் கட்டறேன்." பின்னால் சென்னை டிராஃபிக் சத்தம். கட்டினான். அடுத்த மாதமும் ஆயிரம். வாராக்கடன் ஆகாமல் இருக்க அந்த ஆயிரம் போதாது என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், மார்ச் வந்துவிட்டது.

இவனும் நானும் ஒரே புள்ளிவிவரத்தில் 'படித்த துறைக்கு வெளியே' என்ற கட்டத்துக்குள் விழுவோம். எங்கள் இருவரையும் தனித்தனியாக எண்ணத் தெரிந்த ஒரு கணக்கு வேண்டும்.

இப்போது என்ன கணக்கு இருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. நூற்றுக்கு 92 பேருக்கு வேலை, வரிசையாகப் பையன்கள் பெண்கள் போட்டோ, கீழே பேக்கேஜ். மூன்று கம்பெனி கடிதம் வாங்கிய ஒரே பையன் மூன்று பேராக எண்ணப்படுவது கல்லூரி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கடிதம் வந்து, சேரும் தேதி தள்ளிக்கொண்டே போய், கடைசியில் சேராமலே போனவனும் அந்த 92க்குள் உண்டு. இதைவிட ஒழுங்கானது மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுத்தரச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் நான்கு வருடப் பட்டப்படிப்பு முழுவதையும் ஒரே குவியலாகச் சொல்லும். மெக்கானிக்கலுக்கு எத்தனை, கணினிக்கு எத்தனை என்று தெரியாது. அது படித்து முடித்த வருடத்துக் கதை மட்டும்தான். வெல்டர் கேட்டது அதை இல்லை. "என்னதான் ஆகறாங்க" என்று கேட்டார். அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் பதில் தெரியும்.

என் கோரிக்கை இதுதான். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும் பக்கத்தில் கல்லூரிக் குறியீடு இருக்கிறது, பிரிவு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி போடுங்கள். இதே கல்லூரியில், இதே பிரிவில், ஐந்து வருடத்துக்கு முன் படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? படித்த துறையில் எத்தனை பேர், வேறு துறையில் எத்தனை பேர், பட்டமே தேவைப்படாத வேலையில் எத்தனை பேர், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர், வீட்டில் எத்தனை பேர், அரியர் முடியாமல் பட்டமே வாங்காதவர்கள் எத்தனை பேர். கடைசி எண்ணிக்கையை மறந்துவிடாதீர்கள், எனக்கு வரும் வாராக்கடனில் அவர்கள் நிறையப் பேர்.

கல்லூரிகளிடம் கேட்டு வாங்கிப் போடுவது மட்டும் வேண்டாம். 2024இல் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டியதை அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். இல்லாத ஆசிரியரைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு இல்லாத வேலையைக் காட்டுவது பெரிய காரியமா? நீங்களே எடுங்கள். மாணவர் ஒவ்வொருவருக்கும் யு.எம்.ஐ.எஸ். எண் கொடுத்திருக்கிறீர்கள். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கும் செல்பேசி எண்ணும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் தவறாமல் போய்ச் சேருகிறது, எங்கள் கிளையிலேயே பார்க்கிறேன். பணம் போகிற வழியிலேயே ஒரு கேள்வியும் போய்த் திரும்பலாமே. பிரிட்டனில் பட்டம் பெற்ற 15 மாதத்துக்குப் பிறகு ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நம்மால் எல்லோரையும் பிடிக்க முடியாவிட்டால் பத்தில் ஒருவரையாவது பிடிக்கலாம். பேராசிரியர்கள் தேவையில்லை. மாதக் கடைசியில் நான் செய்கிற வேலைதான், பட்டியலை வைத்துக்கொண்டு போன் போட வேண்டும். தவணை கேட்காததால் எல்லோரும் எடுப்பார்கள்.

இதைச் சொன்னால் என் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். கல்வி வேலைக்கானது மட்டுமா, சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதில்லையா என்பார். சரி சார், ஒத்துக்கொள்கிறேன். பெட்டில் விரலை ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். ஆனால் சேர்க்கையின்போது அப்படியா சொன்னீர்கள்? 'இங்கே சிந்திக்கக் கற்றுத்தரப்படும், அப்புறம் உங்கள் பாடு' என்று எந்த ஃப்ளெக்ஸிலும் நான் பார்த்ததில்லை.

கணினி பற்றி ஒரு வார்த்தை. இப்போது எல்லோருக்கும் அதுதான் வேண்டும். 2024-25இலிருந்து ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) எடுத்துவிட்டது. மெக்கானிக்கலை மூடிவிட்டுக் கணினி, செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் செக்யூரிட்டி என்று ஒரே மாவில் தோசை, ஊத்தப்பம், பணியாரம் எல்லாம் சுடுகிறார்கள். படித்த துறையிலேயே வேலை என்பதால்தானே இதற்கு இத்தனை மவுசு? எங்கள் வகுப்பில் சாஃப்ட்வேருக்குப் போன 19 மெக்கானிக்கல்காரர்களுக்கும் சில மாதம் பயிற்சி கொடுத்துத்தான் புரோகிராம் எழுத வைத்தார்கள். எச்.சி.எல். நிறுவனம் டெக்பீ என்று பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. அப்படியானால் அந்த வேலைக்கும் கணினிப் பட்டத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு? 2030இல் படித்து முடிக்கும் கணினிக்காரர்களை 2035இல் எண்ணிப் பார்த்தால் எங்கள் மெக்கானிக்கல் குழு மாதிரியே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி ஆகாமலும் போகலாம். எண்ணினால்தானே தெரியும். இன்னொரு 'எவர்கிரீன்' எனக்குக் கேட்கிறது.

இன்னொரு விஷயமும் உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கம்பெனி என்ன படித்தாய் என்று பார்க்காமலே எடுக்கிறது. அரசோ பட்டத்தின் பெயரில் ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் நிறுத்திவிடுகிறது. பல்கலைக்கழகங்கள் பாடத்துக்குப் புதுப்புதுப் பெயர் வைக்கின்றன, பயன்பாட்டு இது, தொழில்முறை அது என்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையா என்ற கேள்வி வரும். இணைதான், இணையில்லை என்று உங்கள் துறை அரசாணை போடும். பட்டம் வாங்கி வேலைக்குப் போகும் நாளில்தான் பலர் அந்த அரசாணையைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள். கல்லூரியில் சேர விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே, இந்தப் பட்டம் எந்தெந்த அரசு வேலைக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று அந்தக் கல்லூரியே எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டால் எத்தனையோ பேர் கோட்டைக்கும் கோர்ட்டுக்கும் நடப்பது மிச்சம்.

கடைசியாக என் தப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்விக் கடன் கொடுக்கும்போது ஒரு பரிந்துரைக் குறிப்பு எழுதுவோம். அதில் படிப்பு முடிந்த பிறகு வேலைவாய்ப்பு, எதிர்பார்க்கும் வருமானம் என்று ஒரு பத்தி உண்டு. திருப்பிக் கட்டப்போவது பையன் என்பதால், கடனுக்கு அடிப்படையே அந்தப் பத்திதான். 12 வருடமாக அதில் ஒரே வாக்கியத்தை எழுதிவருகிறேன்: 'இத்துறையில் வேலைவாய்ப்பு நன்றாக உள்ளது.' எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன். மெக்கானிக்கலுக்கும் அதே, கணினிக்கும் அதே, நர்சிங்குக்கும் அதே. லிஃப்டுக்குள் இருந்து பேசிய அந்த சிவில் பையனின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். 2019 ஆகஸ்டில், என் கையெழுத்தோடு, அதே வாக்கியம்.

வெல்டரின் மகனுக்கு மெக்கானிக்கலே கிடைத்தது. அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டான் போலிருக்கிறது. செப்டம்பரில் ஒதுக்கீட்டு ஆணையோடு வந்தார்கள். பையன் முகத்தில் அவ்வளவு சிரிப்பு. கடன் போட்டுவிட்டேன், பணமும் போய்விட்டது. ஆனால் குறிப்பில் அந்தப் பத்தி வந்ததும் கை நின்றுவிட்டது. காலியாக விட்டால் சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய வாக்கியத்தையே காப்பி செய்து ஒட்டினேன்.

அடுத்த மே மாதம் கலந்தாய்வு விண்ணப்பம் திறப்பதற்குள் அந்தப் பத்தியில் எழுத எனக்கு வேறு ஏதாவது கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்விக் கடன் மேசையிலிருந்து ஒருவன்
பி.இ. மெக்கானிக்கல், 2007-2011